சுவரில் ஒரு ஓட்டை – லண்டன் வீட்டு நெருப்பின் கதை

இந்த மலரை வாசிக்கிற பலருடைய வீட்டுச் சுவரிலே சிறுசிறு துவாரங்கள் உள்ள ஒரு செங்கல்லோ, பிளாஸ்ரிக் தகடோ இருக்கும். சிலருக்கு முன்னறையிலே, சிலருக்குக் குசினியிலே. இங்கே அதை எயார் பிரிக் என்பார்கள். தை மாதத்திலே அதுக்குக் கிட்ட இருந்தால் கால் விறைச்சுப் போகும். லண்டனுக்கு வந்த எங்கடை ஆட்கள் கனபேர் முதல் குளிரிலே செய்த முதல் வேலை அந்த ஓட்டையை அடைச்சதுதான். பழைய பேப்பர், கிழிஞ்ச சாரம், பார்சல் ஒட்டுகிற ரேப், ஆர் எதை வைத்திருந்தார்களோ அதை வைத்து அடைத்தார்கள். நானும் அடைத்தவன். அந்தக் கதையைப் பின்னாலே சொல்லுகிறேன்.

வீடு கட்டினவன் விசரனா, இந்தக் குளிர் நாட்டிலே சுவரிலே ஓட்டை வைக்க? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஈஸ்ற்ஹாம் நூல்நிலையத்திலே அங்கே இங்கே என்று வாசித்தபோதுதான் அந்த ஓட்டைக்குப் பின்னாலே இருநூறு வருட வரலாறு இருக்கிறது என்று விளங்கியது. அதிலே கொஞ்சத்தை எனக்கு விளங்கின அளவிலே எழுதுகிறேன்.

முதலில் ஊரிலிருந்து தொடங்குவோம். எங்கள் குசினிக்கு ஓட்டை தேவைப்படவில்லை, குசினியே ஒரு ஓட்டைதான். கிடுகுக் கூரை, அரைச்சுவர், பக்கத்திலே பனையோலைத் தட்டி. கல்வீட்டுக்காரர் என்றால் அடுப்புக்கு மேலே புகைக்கூடு கட்டியிருப்பார்கள். விறகு ஈரமென்றால் புகை கண்ணைக் கரிக்கும், அம்மா இருமிக்கொண்டு முற்றத்துக்கு வருவா. அந்தப் புகை சுவாசப்பைக்குக் கூடாதுதான், ஆனால் அது தன்னை மறைக்கவில்லை. இங்கே இருக்கிற காஸ் நெருப்பின் கழிவு அப்படியல்ல. அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணும் எரியாது.

ஏ.எல். இரசாயனத்திலே படித்ததை இங்கே ஒருக்கால் ஞாபகப்படுத்த வேண்டும். எங்கள் வீடுகளுக்குக் குழாயிலே வருகிற காஸ் பெரும்பாலும் மெதேன். ஒரு கன அடி மெதேன் முழுதாக எரிய ஏறத்தாழ பத்துக் கன அடி காற்று வேண்டும். அந்தக் காற்றுக் கிடைத்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் வரும், நெருப்பு நீலமாய் இருக்கும். காற்றுக் குறைந்தால், அல்லது எரிந்த கழிவே திரும்பி அறைக்குள் வந்து நெருப்புக்கு வருகிற ஒட்சிசனைக் குறைத்தால், காபனோரொட்சைட்டு உண்டாகும். எங்கள் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேலான இறுக்கத்தோடு இதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒட்சிசனுக்கு இடமில்லை. ஆள் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சு முட்டிச் சாவான். ஆகவே அடைத்த வீட்டுக்குள் எரிகிற நெருப்புக்கு இரண்டு வழி கட்டாயம் வேண்டும். காற்று வர ஒன்று, கழிவு போக ஒன்று. லண்டன்காரர் இந்த இரண்டு வழியையும் படித்த விதம்தான் இந்தக் கட்டுரை.

1807இலே பிரெடெரிக் வின்சர் என்ற ஜேர்மன்காரர் லண்டன் பல் மல் வீதியிலே காஸ் விளக்கு ஏற்றிக் காட்டினார். 1812இலே அவருடைய முயற்சியால் காஸ் லைட் அன்ட் கோக் கொம்பனிக்கு அரச பட்டயம் கிடைத்தது. ஒரு இடத்திலே காஸ் செய்து வீதிக்குக் கீழே குழாய் போட்டு வீடு வீடாய்க் கொடுக்கிற உலகத்தின் முதல் பொதுக் கொம்பனி இதுதான். அடுத்த வருடம் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்திலே காஸ் விளக்கு எரிந்தது. அந்த நாளைய காஸ் நிலத்திலிருந்து எடுத்ததல்ல. நிலக்கரியை மூடிய கொள்கலத்திலே காற்றில்லாமல் சுட்டு, அதிலிருந்து வருகிறதைக் கழுவி எடுப்பார்கள். ரவுண் காஸ் என்று அதுக்குப் பெயர். ஐதரசன், மெதேன், அவற்றோடு கணிசமான பங்கு காபனோரொட்சைட்டு. அதாவது நஞ்சு குழாயிலேயே வந்தது. குழாய் ஒழுகினாலே போதும், எரியத் தேவையில்லை.

எங்களுக்கு மிகக் கிட்டவே இந்தக் காஸின் தலைநகரம் இருந்தது. ஈஸ்ற்ஹாம் ஹை ஸ்ரீற்றிலே மரக்கறி வாங்கப் போகிற ஆட்களுக்கு பெக்ரன் தெரியும். அந்தப் பெயர் காஸ் கொம்பனியின் தலைவர் சைமன் அடம்ஸ் பெக் என்பவருடைய பெயரிலிருந்து வந்தது. 1870இலே தேம்ஸ் ஆற்றோரம் அங்கே காஸ் செய்யத் தொடங்கினார்கள். உலகத்தின் மிகப்பெரிய காஸ் ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. சூளைக்கு முன்னாலே 12 மணித்தியாலம் நின்று கரி அள்ளின தொழிலாளரை 1889இலே வில் தோர்ன் சங்கமாகச் சேர்த்தார். அவர் அந்தச் சூளைத் தொழிலாளிதான். சரியாக எழுத வாசிக்கத் தெரியாத அவருக்கு கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் மார்க்ஸ் எழுத்துப் படிப்பித்து உதவினா. அவர்கள் 8 மணித்தியால வேலை வாங்கினார்கள். இரண்டு சிப்ற் வேலை செய்கிற எனக்கு இதை எழுதாமல் விட மனமில்லை. 1970 அளவிலே அந்த ஆலையிலே காஸ் செய்வது நின்றது. பிறகு இடிபாடுகளாய்க் கிடந்த அந்த இடத்திலே வியட்நாம் சண்டைப் படம் ஒன்றை ஸ்ரான்லி குப்ரிக் எடுத்தார். உண்மையான சண்டையிலிருந்து ஓடிவந்தவர்கள் பிறகு அதே அயலிலே வந்து குடியேறினோம். சரி, கதைக்கு வருவோம்.

காஸ் முதலில் விளக்குக்குத்தான் வந்தது. பிறகு மின்சாரம் போட்டிக்கு வர, கொம்பனிகள் அடுப்புக்கும் சூட்டுக்கும் காஸை விற்கத் தொடங்கின. 1890களிலே காசு போட்டால் காஸ் தருகிற மீற்றர் வந்தபடியால் கூலிவேலைக் குடும்பங்களுக்கும் காஸ் போய்ச் சேர்ந்தது. இங்கே வந்த புதிதிலே மீற்றருக்குக் காசு போட்டுக் குளிர் காய்ந்த எங்கடை மூத்த ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் காலத்திலேதான் காற்று வழி, கழிவு வழி என்ற பிரச்சினை ஆளைக் கொல்லுகிற பிரச்சினையாகியது. 1868இலே லண்டனிலே வீட்டுக்கு வர்ணம் பூசுகிற வேலை செய்த பெஞ்சமின் மோகன் என்பவர் குளிக்கிற அறைக்கென்று உடனடியாய்ச் சுடுதண்ணி தருகிற காஸ் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐஸ்லாந்திலே நிலத்திலிருந்து பீறிடுகிற சுடுநீர் ஊற்றின் பெயரை வைத்து அதை கீசர் என்றார். இந்தியாவிலே இன்றைக்கும் சுடுதண்ணிக் கருவிக்கு அந்தப் பெயர்தான். நல்ல மூளைதான், ஆனால் அவர் புகைக்குழாய் வைக்கவில்லை. எரிந்த கழிவு முழுவதும் குளிக்கிற அறைக்குள்ளேயே போனது. கதவைப் பூட்டி, ஜன்னலைச் சாத்தி, சூடாய் ஒரு மனிசன் குளிக்கிற சின்ன அறை. அதைவிட மோசமான இடம் ஒன்றைத் தேடிப்பிடிக்க முடியாது.

1930களிலே எங்கடை ஆட்கள் நிறையப்பேர் இருக்கிற வெம்பிளிக்குக் கிட்ட, நீஸ்டனிலே, அஸ்கொற் என்ற கொம்பனி சுடுதண்ணிக் கருவிகளைச் செய்து விற்றது. பிறகு எந்தக் கொம்பனிக் கருவியையும் ஆட்கள் அஸ்கொற் என்றுதான் சொன்னார்கள். அவற்றிலே பெரியவைக்குப் புகைக்குழாய் இருந்தது. குசினித் தொட்டிக்கு மேலே பூட்டுகிற சின்னவைக்கு இருக்கவில்லை. கோப்பை கழுவ ஐந்து நிமிஷம் பாவிக்கத்தான் அது. ஆனால் வறிய குடும்பம் அதிலேயே வாளி வாளியாய்த் தண்ணி பிடித்துக் குளிக்கும். ஒரு கருவியை என்ன நினைத்துச் செய்தார்கள் என்பது வேறு, வாடகை அறையிலே இருக்கிறவன் அதை எப்படிப் பாவிப்பான் என்பது வேறு.

அந்த நாட்களில் லண்டன் வீடுகளிலே அதிகமாய் எரிந்தது காஸ் அல்ல, நிலக்கரி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு அடுப்படி, அதுக்கு மேலே கூரை வரைக்கும் செங்கல் புகைக்கூடு. அந்தப் புகைக்கூடு அறையிலிருந்த காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். கதவுக்குக் கீழே, ஜன்னல் இடுக்கிலே, நிலப்பலகை நடுவிலே எல்லாம் குளிர்காற்று உள்ளே வரும். முன்பக்கம் சுட்டாலும் முதுகு விறைக்கும். ஆனால் காற்று வழிக்கும் கழிவு வழிக்கும் ஒருவரும் தனியாய் ஒரு ஓட்டை போடத் தேவையிருக்கவில்லை. ஓட்டை வீடு ஆட்களைக் காப்பாற்றியது, ஆர் திட்டம் போட்டும் அல்ல.

1952 மார்கழி 5ஆம் திகதி தொடங்கி 9ஆம் திகதி வரை லண்டனைப் புகைமூடியது. காற்று அசையாமல் நிற்க, லட்சக்கணக்கான கரியடுப்புகளின் கந்தகப் புகையும் மூடுபனியும் நகரத்தின் மேலே படிந்தன. நடக்கிறவனுக்கு தன்ரை காலே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 4,000 பேர் இறந்ததாக முதலிலே சொன்னார்கள், பிறகு செய்த ஆய்வுகள் 12,000 வரை என்கின்றன. அதன் பின்னர் 1956இலே சுத்தமான காற்றுச் சட்டம் வந்தது. கரி எரிக்கக்கூடாத பகுதிகள் வந்தன. அடுப்படியை மாற்ற உதவிப்பணமும் கொடுத்தார்கள். கரியடுப்பு இருந்த குழிக்குள்ளே காஸ் நெருப்பைக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள், அதுக்குப் பின்னாலே தண்ணி சூடாக்கும் பொயிலரையும் ஒளித்து வைத்தார்கள். பழைய புகைக்கூடுதான் கழிவுக்கு வழி. அறைக்குள்ளே இருக்கிற காற்றுத்தான் நெருப்புக்குச் சாப்பாடு.

வெளியிலே புகை குறைந்தது. உள்ளே இருந்த ஆபத்துக்குப் புகை இல்லாதபடியால் அது குறைந்த மாதிரியே தெரிந்தது.

அடுத்த மாற்றம் கடலிலிருந்து வந்தது. 1965இலே இங்கிலாந்துக்குக் கிழக்கே வட கடலிலே இயற்கைக் காஸ் கண்டார்கள். கண்ட அந்தக் கடல்மேடையே அதே வருடம் இடிந்து விழுந்து 13 பேர் இறந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். புதிய காஸ் கிட்டத்தட்ட முழுவதும் மெதேன். ஒரே அளவு காஸிலே பழையதைப்போல இரண்டு மடங்கு சூடு. ஆனபடியால் பழைய அடுப்பிலே இதை எரிக்க ஏலாது, ஒவ்வொரு அடுப்பின் வாயையும் மாற்ற வேண்டும். 1967 தொடங்கி 1977 வரை, ஒரு கோடி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் வீட்டுக்கும் கடைக்கும் ஆட்களை அனுப்பி, தெருத் தெருவாய் காஸை நிற்பாட்டி, ஒவ்வொரு கருவியையும் திருத்திவிட்டுத்தான் புதுக் காஸைத் திறந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தைக் கனக்கக் குறை சொல்லலாம், ஆனால் இந்த வேலைக்கு நான் தொப்பியைக் கழட்டுவேன். 2021 கடைசியிலே இலங்கையிலே சமையல் காஸ் சிலிண்டரின் கலவை மாறி, வீடு வீடாய் அடுப்புகள் வெடித்தது எங்கள் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். புரொப்பேன் வீதத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழுவே சொன்னது. காஸ் மாறினது சனத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வட கடல் காஸிலே காபனோரொட்சைட்டு இல்லை. குழாய் ஒழுகி நஞ்சேறிச் சாகிற சாவு நாட்டிலே இல்லாமலே போய்விட்டது. ஆனால் ஒரு விஷயத்தை ஆட்கள் மறந்தார்கள். குழாயிலே நஞ்சு இல்லை என்றாலும், பிழையாய் எரித்தால் எங்கள் அறைக்குள்ளேயே நஞ்சை நாங்களே செய்யலாம். அதோடு, ஒரு கன அடி ரவுண் காஸுக்கு நாலைந்து கன அடி காற்றுப் போதும், புதுக் காஸுக்குப் பத்து. சூடும் இரண்டு மடங்கு என்றபடியால் கணக்குச் சரிதான், ஆனால் “இப்ப வாறது நல்ல காஸ், நஞ்சில்லை” என்ற பேச்சு மட்டும் மனதிலே நின்றுவிட்டது.

காஸ் பூட்டுகிறவன் ஆர் என்ற கேள்வி எழும்பியது இன்னொரு சாவினாலே. 1968 மே 16ஆம் திகதி விடிய, நியூஹாமிலே கானிங் ரவுணிலுள்ள றோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டிடத்தின் 18ஆம் மாடியிலே, தேத்தண்ணி வைக்க அடுப்பைப் பற்றவைக்க, ஒழுகியிருந்த காஸ் வெடித்தது. அடுப்புக் குழாயைப் பூட்டியிருந்த ஒரு பித்தளை நட்டுப் பழுது. கட்டிடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டுப்போல விழுந்தது, 4 பேர் இறந்தார்கள். கட்டிடம் திறந்து இரண்டு மாதமளவுதான் ஆகியிருந்தது. இதைத் தொடர்ந்து 1970இலே கோர்கி என்ற காஸ் வேலையாளர் பதிவு அமைப்பு வந்தது. அப்போது விரும்பினவர் பதியலாம், 1991இலேதான் கட்டாயமாக்கினார்கள். 2009 சித்திரை 1ஆம் திகதி முதல் அதன் இடத்தை காஸ் சேவ் ரெஜிஸ்ரர் எடுத்தது.

இதற்கிடையிலே புத்திசாலித்தனமான ஒரு கருவியும் பரவியது. வெளிச்சுவரிலே ஒரே இடத்திலே இரட்டைக் குழாய். ஒன்றாலே காற்று உள்ளே போகும், மற்றதாலே கழிவு வெளியே வரும். நெருப்பு இருக்கிற பெட்டி அறையோடு தொடர்பில்லாமல் மூடியிருக்கும். காற்று அடித்தாலும் இரண்டு வாயையும் ஒரேயளவு தள்ளும், அதனாலே நெருப்பு தடுமாறாது. அறைக்காற்று அதுக்குத் தேவையேயில்லை. இதைக் கண்டுபிடித்த பிறகும் பழைய திறந்த வகை பொயிலர்கள் பத்துலட்சக் கணக்கிலே வீடுகளிலே இருந்தன. அவை இருந்த வீடுகளோ மாறிக்கொண்டு வந்தன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கதவு விளிம்புக்கு ரப்பர், நிலமெல்லாம் காப்பெற். ஓட்டை வீடு ஓட்டையில்லாத வீடாகியது. தானாய் வந்த காற்று நின்றபடியால், கணக்குப் பார்த்து ஓட்டை போட வேண்டி வந்தது.

அந்தக் கணக்கு இதுதான். பழைய வீட்டின் இடுக்குகளாலே வருகிற காற்று 7 கிலோவாற் சூட்டுக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு கிலோவாற்றுக்கும் 5 சதுர சென்ரிமீற்றர் திறந்த ஓட்டை. 15 கிலோவாற் பொயிலர் என்றால் 40 சதுர சென்ரிமீற்றர். உள்ளங்கையின் பாதிதான். மூடி ஒன்றும் போடக்கூடாது. நான் அடைத்தது இந்தக் கணக்கைத்தான்.

2010 மார்கழி. நூறு வருடத்திலே மிகக் குளிரான மார்கழி என்று வானிலைக்காரர் சொன்ன மாதம். நான் வந்து சில மாதம்தான். ஈஸ்ற்ஹாம் பக்கத்திலே ஒரு வீட்டின் முன்னறையிலே நாலு பேர் இருந்தோம். அடுப்படிக் குழிக்குள்ளே ஒரு பழைய காஸ் நெருப்பு, அதுக்குப் பின்னாலே முழு வீட்டுக்கும் சூடு தருகிற பொயிலர். என்னுடைய மெத்தை ஜன்னல் பக்கச் சுவரோரம், தலைமாட்டிலே அந்த எயார் பிரிக். எனக்கு இரவு வேலை. பகலிலே காசு மிச்சம் பிடிக்க ஹீற்றிங்கை நிற்பாட்டிவிடுவோம், நான் அந்தக் காற்றுக்குக் கீழே படுத்து நடுங்குவேன். ஒரு நாள் வேலையாலே வந்து, தமிழ்க் கடையிலே எடுத்த இலவசப் பேப்பரை மடித்துத் துவாரத்துக்குள்ளே தள்ளி, மேலே வேலையிடத்து மண்ணிற ரேப்பை மூன்று சுற்று ஒட்டினேன். என்ன நிம்மதியான நித்திரை!

நான் இல்லாத இரவுகளிலே அந்த பொயிலர் எரிந்தது. மற்ற மூன்று பேரும் அங்கே படுத்தார்கள். ஒரு கிழமைக்குள்ளே எல்லாருக்கும் தலையிடி. “உந்தக் குளிருக்குத்தான்” என்று பனடோல் போட்டார்கள். சத்தி வருகிறமாதிரி இருக்குது என்றார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. “தம்பி இளந்தாரி, அதுதான்” என்று பகிடி பண்ணினார்கள். வேலைக்குப் போனால் தலையிடி விடுகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் பிடிக்கிறது என்று ஒரு அண்ணை சொன்னதைக் கேட்டும், ஏ.எல். இரசாயனம் படித்த எனக்கு மண்டையிலே ஏறவில்லை.

ஒரு நாள் விடிய நான் வேலையாலே வர, மூத்த அண்ணை குளியலறை வாசலிலே விழுந்து கிடந்தார். அம்புலன்ஸிலே வந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்ட முதற்கேள்வி, “இந்த வீட்டிலை வேறை ஆருக்கும் தலையிடியோ?” மற்ற இரண்டு பேரும் கை உயர்த்தினார்கள். உடனே எல்லாரையும் சாரத்தோடேயும் செருப்பில்லாமலும் வெளியே பனிக்குள்ளே கொண்டுவந்து விட்டா. அண்ணைக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள், இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலே இருந்து சுகமாய் வந்தார். காஸ் அவசரப் பகுதி ஆள் வந்து, மீற்றரிலே காஸை நிற்பாட்டி, பாவிக்கக்கூடாது என்று எழுதிய சீட்டைக் கட்டினார். பிறகு சுவரைத் தடவிப் பார்த்து, ரேப்பை உரித்து, தமிழ்ப் பேப்பரை வெளியே இழுத்தார். எங்களுக்கு முன்னாலே அதைப் பிடித்துக்கொண்டு, “இதை ஆர் செய்தது?” என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இரண்டு நாளால் வீட்டுக்காரர் பிடித்து வந்த பதிவு பெற்ற வேலையாள் புகைக்கூட்டின் உச்சியிலே குருவிக்கூடு ஒன்றை எடுத்தார். பாதிப் புகைக்கூடு அடைபட்டிருந்ததாம். வந்த வழியும் அடைப்பு, போகிற வழியும் அடைப்பு. வீட்டுக்காரர் வருடாவருடம் பார்ப்பித்திருந்தால் கூடு அப்போதே தெரிந்திருக்கும். நான் அடைக்காமல் விட்டிருந்தால் நிலைமை அவ்வளவுக்குப் போயிருக்காமலும் இருக்கலாம். பங்கு பிரிக்க எனக்குத் தெரியாது. அந்த அண்ணை இப்போது பிள்ளைகளோடு வேறு ஊரிலே இருக்கிறார். இந்த மலர் அவருக்கும் தபாலிலே போகும். அண்ணை, அதை அடைச்சது நான்தான்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியாது. 1998ஆம் ஆண்டுக் காஸ் பாதுகாப்பு விதிகளின்படி வாடகைக்கு விடுகிறவர் 12 மாதத்துக்கு ஒருமுறை தன்னுடைய காஸ் கருவிகளையும் புகைவழியையும் பதிவு பெற்ற ஆளைக்கொண்டு பார்ப்பித்து, அந்தப் பத்திரத்தின் பிரதியை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். புதிதாய்க் குடிவருபவருக்கு வரும்போதே கொடுக்க வேண்டும். திறந்த வகைப் பெரிய பொயிலர் இருக்கிற அறையைப் படுக்கையறையாய் விடவே கூடாது. எங்கள் முன்னறையிலே நாலு மெத்தை போட்டதே பிழை. ஆனால் அதைக் கேட்டிருந்தால் எங்களுக்கு அந்த அறையே கிடைத்திராது, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விசா இல்லாதவன் பத்திரம் கேட்பானோ? பத்திரம் கேட்க விசா தேவையில்லை என்று இப்போது தெரிகிறது.

அந்த வேலையாள் செய்த சோதனை ஒன்று எனக்கு நன்றாய்ப் பிடித்தது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, நெருப்பை ஐந்து நிமிஷம் எரியவிட்டு, புகை விடுகிற ஒரு குச்சியைப் பற்றவைத்து, கழிவு மேலே போகிற வாய்க்குக் கிட்டப் பிடித்தார். புகை உள்ளே இழுபட்டால் புகைக்கூடு வேலை செய்கிறது, அறைக்குள்ளே திரும்பினால் சரியில்லை. பிறகு குசினியிலுள்ள விசிறியைப் போட்டுவிட்டுத் திரும்பவும் பிடித்தார். புகை தடுமாறி முகத்துக்கு வந்தது. குசினி விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ள, அந்த இடத்தை நிரப்பப் புகைக்கூட்டாலே காற்றுக் கீழே இறங்குகிறது, கழிவையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் மீன் பொரிக்கிற, கறிச்சட்டி தாளிக்கிற ஆட்கள். விசிறி இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருக்க மாட்டான். திறந்த பொயிலர் இன்னும் உள்ள வீட்டிலே சோதிக்க வருகிறவரிடம், “விசிறியைப் போட்டுவிட்டும் பாருங்கோ” என்று கேட்கலாம், அது அவருடைய வேலைதான்.

இப்போது பூட்டுகிற பொயிலர்கள் எல்லாம் மூடிய வகை. 2005 சித்திரை முதல் இங்கிலாந்திலே பெரும்பாலும் நீராவியையும் குளிரவைத்துச் சூடு எடுக்கிற வகைதான் போட வேண்டும். வெளியிலே வெள்ளையாய் ஆவி வருவது அதனால்தான், புகையென்று பயப்படத் தேவையில்லை. அவற்றுக்கு அறைக்காற்று வேண்டாம். ஆனால் கழிவுக்குழாய் நீளமாய் மேற்கூரைக்குள்ளே ஒளிந்து ஓடுகிற புது மாடி வீடுகளிலே புதுப் பிரச்சினை வந்தது. 2008இலே மேற்கு லண்டன் பெட்ஃபொண்டிலே மேற்கூரைக்குள் இருந்த குழாய் கழன்று ஓர் உயிர் போனது. அதற்குப் பிறகு ஒளிந்த குழாய்களைப் பார்க்கச் சின்னக் கதவு வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னாலே குசினியை நீட்டிக் கட்டுகிற எங்கடை ஆட்களும் கவனிக்க வேண்டியது இது. முந்தி வெளியே இருந்த குழாய் வாய், கட்டி முடிந்த பிறகு கூரைக்குள்ளே இருக்கக்கூடாது.

2022 ஐப்பசி 1ஆம் திகதி முதல் இங்கிலாந்திலே வாடகை வீடுகளிலே, காஸ் அடுப்புத் தவிர, காஸ் பொயிலரோ நெருப்போ உள்ள ஒவ்வொரு அறையிலும் காபனோரொட்சைட்டு அலாரம் வைப்பது வீட்டுக்காரருடைய கடமை. சொந்த வீட்டுக்காரர் தாங்களே வாங்கலாம், ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான். தலையிடி எல்லாருக்கும் ஒன்றாய் வந்து வெளியே போனால் விட்டால், காஸை நிற்பாட்டி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999க்கு அடிக்கலாம். இரவு பகல் எடுப்பார்கள்.

போன மாதம் அந்தத் தெருவாலே வேலைக்கு நடந்துபோனேன். அந்த வீட்டிலே இப்போது வேறு ஆட்கள். பழைய புகைக்கூட்டை வெட்டி மூடியிருக்கிறார்கள், பக்கச் சுவரிலே வெள்ளைக் குழாயாலே ஆவி வந்துகொண்டிருந்தது. அந்த எயார் பிரிக் மட்டும் முன்சுவரிலே அப்படியே இருக்கிறது, அதுக்கு இனி வேலையில்லை. நான் குனிந்து பார்த்தேன். துவாரம் திறந்துதான் இருந்தது, ஓரத்திலே மட்டும் மண்ணிற ரேப் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.